பெரியவர் யார் வீட்டு ஆள்

இது எழுதிப் பழகிய கை இல்லை. செங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட நாலு வரிக் கடுதாசிகள்தான். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். மறதியும் இப்போது கூடிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "வாயத் திறந்துதான் சொல்லமாட்டேங்கறீங்க, எழுதியாச்சும் வைங்க அத்தை" என்று மருமகள் பேப்பரும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி வந்த பிறகு மலையாளத்துப் பக்கம் மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே சுக்கு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. மாடிக் கூடத்துச் சுவரில் பெரிய படம் ஒன்று இருந்தது. போட்டோ இல்லை, சாயத்தைக் குழைத்துக் கையால் வரைந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு வயதான ஆண். தோளில் சால்வை, மடியில் ஒரு கை. மற்றதெல்லாம் விளக்குப் புகையிலும் சுக்குத் தூசியிலும் கறுத்துக் கிடந்தது. வரைந்தவர் பெயர் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. படத்தில் இருந்தவரை நாங்கள் பெரியவர் என்று சொல்வோம்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோதே அவர் சுவரில் இருந்தார். மாமனாரும் மாமியாரும் அதற்கு முன்பே போய்விட்டவர்கள். என் கணவரை வளர்த்தது அவருடைய அக்கா. கல்யாணத்துக்காகத்தான் கணவர் அந்த மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். சுவரில் இருப்பவர் கணவர் வீட்டு மூத்தவர், மாமனாருக்கு அப்பாவாக இருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கணவர் பெயரையும், கணவர் வீட்டுப் பெரிய ஆண்களின் பெயரையும் பெண்கள் வாயால் சொல்வதில்லை. அவர்களுக்கு எதிரே உட்காருவதும் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதும் கிடையாது. ஆகவே நான் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டு என்ன செய்ய, சொல்லவா போகிறேன்? படத்துக்கு நேரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கூடத்தைக் கடந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டுதான் கடப்பேன். வெள்ளிக்கிழமைகளில் முக்காலி மேல் ஏறி அவர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பேன், அதுவும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. பார்க்கத் தேவையே இருக்கவில்லை. வைத்து வைத்துச் சந்தனம் காய்ந்து அந்த இடம் சின்ன மேடாகிவிட்டது. விரல் தானாகப் போய் அங்கே நிற்கும்.

என் கணவருக்கு மிளகு மண்டியில் எடை பார்க்கிற வேலை. காலையில் கிளம்பும்போது செருப்பு மாட்டுவதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்துக் கைகூப்புவார். மகன் சின்னவனாக இருந்தபோது அது யார் என்று கேட்டால் "பெரியவர்டா, கும்பிட்டுக்கோ" என்று சொல்வோம். நானும் அதைத்தான் சொன்னேன், அவரும் அதைத்தான் சொன்னார்.

கணவர் காலமாகிச் சில வருஷம் கழித்து, வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டலாக மாற்றப்போவதாகச் சொன்னார். மகன் கலூரில் ஒரு ஃபிளாட் பார்த்தான். வீட்டை விட்டுப் போவதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் ஒழுகுகிற வீடு, மாடிப்படி ஏற முழங்காலும் விடவில்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் பெரியவர் நல்லபடியாக எங்களோடு வந்து சேர வேண்டும் என்பதுதான். புது வீட்டில் அவருக்கு எந்தச் சுவர் என்று மருமகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

சாமான் ஏற்றுகிற நாளில் லாரி கீழே நின்றது. அந்தத் தெருவில் ஒரு லாரி நின்றால் இன்னொன்று போகமுடியாது. பின்னால் மூட்டை ஏற்ற வந்த வண்டிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் இறங்கிவிட்டன. பெரியவரைக் கடைசியாக இறக்கச் சொல்லியிருந்தேன். சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கீழே சாய்த்து வைத்தார்கள். சுற்றுவதற்காக என் பழைய பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தேன். சாவி வாங்கிக்கொள்ள வந்து நின்றிருந்த புது வீட்டுக்காரர் அப்போது பேசினார்.

"அது அங்க இருக்கட்டே."

"சேட்டா, அது எங்களோடது" என்றான் மகன்.

"இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பழைய சாமான் சகலமும் வீட்டோட சேர்த்துத்தான் எனக்குத் தந்தது, சுவர்ல இருக்கற சித்திரம் உள்பட. அவங்க அப்படித்தான் பறஞ்சது."

"காலங்காலமா விளக்கு வெக்கறோம் சேட்டா. எங்க அப்பா வீட்டு மூத்தவர் அது."

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மலையாளத்துக்காரர், எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசினார். படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ஆளுன்னா நான் பிடிச்சு வெக்கமாட்டேன். இன்னொருத்தரோட முத்தச்சனை, தாத்தாவை, என் ஓட்டல்ல தொங்கவிட்டு எனக்கென்ன கிடைக்கப் போகுது? ஆள் யாரு, பேரு என்ன, அதைச் சொல்லுங்க. மதி. கொண்டு போய்க்கோங்க."

மதி என்றால் அவர்கள் பேச்சில் போதும். அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு பெயர்.

மகன் என் பக்கம் திரும்பினான். "பேரு அம்மாவுக்குத்தான் தெரியும்."

"அப்போ அம்மையே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சுமைக்காரர்கள் உள்பட. நான் கதவோரம் ஒதுங்கினேன். கீழே ஹாரன் சத்தம். "கூச்சப்படறாங்க சேட்டா, ஒரு நிமிஷம்" என்று மகன் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் அழைத்துப் போனான். மருமகளும் பின்னாலேயே வந்தாள். பாத்திரம் பண்டம் ஒன்றும் இல்லாத சமையலறையில் மெல்லப் பேசினாலும் முழங்கியது.

"பேரு என்னம்மா?"

"உங்க அப்பா வீட்டுப் பெரியவர். நான் எப்படிடா சொல்ல?"

"இப்ப அதெல்லாம் பாக்க நேரமில்ல. காதுல சொல்லு. இல்ல, எழுதிக் காட்டு."

"எனக்குத் தெரியாதுடா."

"தெரியாதா?"

"உங்க அப்பா சொல்லல. நான் கேக்கல."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பேரே தெரியாமயா அத்தை இத்தனை வருஷம் பொட்டு வெச்சீங்க?"

"நீயும்தான் மாலை கட்டிப் போட்ட. நீ கேட்டியா?"

மகன் போனை எடுத்தான். கணவரின் அக்கா கும்பளங்கியில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தலைமுறையில் மிச்சம் அவர் ஒருவர்தான். காது மந்தம் என்பதால் அவரோடு ஸ்பீக்கரில் போட்டுக் கத்தித்தான் பேசவேண்டும். வெளியே கேட்டுவிடும் என்று மருமகள் கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

"அத்தை, நம்ம கூடத்துல பெரியவர் படம் இருக்குல்ல, சால்வை போட்டுக்கிட்டு? அவரு பேரு என்ன?"

"அதை ஏன்டா என்கிட்ட கேக்கற? உங்க அம்மாகிட்ட கேளு."

"அம்மாவுக்குத் தெரியலயாம்."

"அவ வீட்டு ஆளை அவளுக்கே தெரியலயாக்கும்? நல்ல கதை."

நான் போனை வாங்கினேன். "மதினி, அவரு உங்க வீட்டுப் பெரியவரில்லையா?"

"எடியே, உனக்குப் புத்தி மழுங்கிப் போச்சா? உன் சீர் சாமானோட வந்த படம்டி அது. உங்க கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கினவ நான். அப்ப சுண்ணாம்பு அடிச்சிட்டிருந்தாங்க, சுவர்ல ஒண்ணும் கிடையாது. நீ வந்தப்புறம் விருந்துக்கு அழைக்க வந்து பாக்கறேன், மேல ஜம்முனு உக்காந்திருக்காரு. உன் உருளி, உன் அண்டா, உன் பெரியவர். யாருடான்னு தம்பிகிட்ட கேட்டேன். 'அவ வீட்டு ஆளு போலக்கா, அவர் முன்னாடி தலை நிமிரமாட்டேங்கறா, நீ ஒண்ணும் கேட்டு வெக்காத'ன்னான். நான் வாய மூடிக்கிட்டேன்."

"எங்க வீட்ல இருந்து படம் எதுவும் வரல மதினி."

"அப்ப யாருடி அந்த ஆளு?" என்றார். "எப்படியும் எங்க வீட்டு ஆளில்ல. எங்க ஆம்பளைங்களுக்கு அவ்வளவு மூக்கு ஏது?"

மகன் போனை அணைத்தான்.

கணவர் வீடு பார்க்க வருவதற்கு முன்பே சுண்ணாம்பு அடிக்க இறக்கி வைத்த படத்தை, நாங்கள் ஊரிலிருந்து வந்து சேருவதற்குள் வீட்டுக்காரரின் ஆட்கள் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். கூலிக்காரர்கள் என் சீர் சாமான்களை மாடிக்கு ஏற்றுகிற நேரத்தில்தான் கணவரும் அதை முதன்முதலில் பார்த்திருக்கிறார். என் வீட்டு ஆள் என்று நினைத்து எனக்காக அவர் கைகூப்பினார். அவர் கைகூப்புவதைப் பார்த்து நான் விளக்கு வைத்தேன். இதெல்லாம் வரிசையாக அன்றைக்கே யோசித்ததில்லை. அன்றைக்குச் சமையலறையில் எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒன்று.

கணவர் படுக்கையில் விழுந்த பிறகு அவர் கட்டிலைக் கூடத்தில்தான் போட்டிருந்தோம். நேர் எதிரே படம். கடைசி நாட்களில் அவருக்கு நினைவு வந்து வந்து போகும். என்னை அக்கா என்பார், மண்டிக்கு நேரமாச்சு என்பார். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது படத்தைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டார்.

"உங்க பெரியவர்தான். தெரியலையா?" என்றேன்.

"எங்க பெரியவரா?" என்று என்னைப் பார்த்தார். அப்புறம் படத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். வெகுநாள் கழித்து அவர் சிரித்தது அன்றுதான். "சரி, சரி" என்று சொல்லி மெலிந்துபோன இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். சொந்தத் தாத்தாவையே மறந்துவிட்டாரே என்று நான் உள்ளே வந்து அழுதேன்.

அவர் மறந்து கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார். நான் சொன்னதை நம்பிச் சிரித்தாரா, எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்று கண்டுபிடித்துச் சிரித்தாரா என்று இனி யாரிடம் கேட்பது?

மகனுக்கு இதைச் சொல்ல அப்போது நேரமில்லை. கீழே டிரைவர் கத்திக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா" என்றான் மகன். "அப்பாவோட தாத்தா பேரு எனக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடறப்ப சொல்றதுதானே. அதையே சொல்லிடறேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா நில்லு. உனக்கு அதுதான் நல்லா வருமே."

"தப்பில்லையாடா?"

"யாருக்குத் தப்பு? வேற யாரும் தேடி வரப் போறாங்களா? இவரை இங்க விட்டுட்டு வந்து நீ தினம் அழுதுக்கிட்டிருப்ப. அதைவிடத் தப்பா?"

அவன் சொன்னது சரிதான். நான் அழுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்காகத்தான் அவன் பொய் சொல்லக் கிளம்பினான்.

வெளியே வந்தோம். தரையில் சாய்த்து வைத்திருந்ததால் பெரியவர் இப்போது என் உயரத்துக்கு இருந்தார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாக நின்றேன். மகன் பெயரைச் சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன், எழுதுவதும் எனக்குச் சொல்வது போலத்தான்.

புது வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. "அது மதி. கொண்டுபோங்க." சுமைக்காரர்கள் புடவையை விரித்தார்கள். அவர் தன் போனை எடுத்தார். "நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இந்த வீட்ல இருந்தவர்னு பேரோட ஓட்டல்ல வெக்கறேன். வர்றவங்க பாக்கட்டே." போட்டோ எடுத்துவிட்டு, பெயரை இன்னொரு தரம் மகனிடம் கேட்டுப் போனில் பதிந்துகொண்டார். பிறகு என்னிடம், மரியாதைக்குத்தான், "சரியல்லே அம்மே? சரிதானே?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். புடவை பாதிப் படத்தைச் சுற்றியாகிவிட்டது. சால்வைக்கு மேலே அந்த நெற்றி மேடு மட்டும் என் ஓரக்கண்ணில் தெரிந்தது. முந்தின வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. கணவர் படுத்துக்கொண்டு "எங்க பெரியவரா?" என்று கேட்டது காதில் விழுந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத் தெரியாமல் சொன்னேன். தெரிந்துகொண்டு இரண்டாம் தரம் சொல்ல எனக்குத் தலை அசையவில்லை.

"இல்ல" என்றேன்.

"அம்மா" என்றான் மகன்.

"அது அவரில்ல. யாருன்னு எங்களுக்குத் தெரியாது. என் வீட்டு ஆளுன்னு இவங்க அப்பா நெனச்சாங்க. அவங்க வீட்டு ஆளுன்னு நான் நெனச்சேன்."

அந்நிய ஆண் ஒருவர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சுமைக்காரர்களில் ஒருவர் புடவையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அறியாத ஆளுக்கா இத்தனை காலம் விளக்கு வெச்சீங்க?" என்றார் புது வீட்டுக்காரர்.

"அறிஞ்சிருந்தா மட்டும் வேற மாதிரியா வெச்சிருப்பேன்?" என்றேன். எதிர்த்துப் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படி வந்துவிட்டது.

அவர் போனில் பதிந்த பெயரை அழித்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். கொடுத்துவிடுவாரோ என்று ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

"அப்போ இவர் வீட்டோட ஆளு அம்மே. இங்கதான் நிக்கணும்" என்றார். குரலில் வருத்தம்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

சுமைக்காரர் புடவையை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "வாசல்ல மாட்டாதீங்க. செருப்போட போய் வர்ற இடம் வேண்டாம்." சரி என்றார். அவர் காலில் ஷூ இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

காரில் கலூருக்குக் கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது. மடியில் புடவையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஃபிளாட்டில் பால் காய்ச்சி ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தபோதுதான் மகன் பேசினான்.

"தலையை ஒரு ஆட்டு ஆட்டியிருந்தா இப்ப இங்க இருந்திருப்பாரு."

மருமகள்தான் பதில் சொன்னாள், "விடுங்க. அவரு இங்க வந்து என்ன பண்ணுவாரு, நமக்கெல்லாம் அந்த மூக்கு இல்லியே." மகன் தன்னையறியாமல் மூக்கைத் தடவிப் பார்த்தான். பிறகு எங்கள் இருவரையும் முறைத்தான். முறைப்பு நிற்கவில்லை, சிரித்துவிட்டான். கோபம் அன்றோடு போயிற்றா என்றால், போகவில்லை. ஒரு மாசம் இருந்தது.

பெரியவருக்கென்று வைத்திருந்த சுவரில் இப்போது கணவரின் போட்டோ இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனம் வைக்கிறேன். கண்ணாடி வழுக்குகிறது, விரல் நிற்கிற இடம் என்று ஒன்று இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

ஓட்டல் திறந்த பிறகு மருமகள் ஆபீஸ்காரர்களோடு அங்கே ஒரு நாள் சாயா குடிக்கப் போனாள். படத்தைச் சுத்தம் பண்ணி உள் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். கீழே மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறதாம்: ஒரு மனிதரின் படம், யார் என்று தெரியாது, வரைந்தவரும் தெரியாது. போனில் எடுத்து வந்து காட்டினாள். நான் கட்டைவிரலால் முகத்தை மறைத்துக்கொண்டு மற்றதைப் பார்த்தேன். மடியில் இருக்கிற கையில் ஏதோ பிடித்திருக்கிறார். நாங்கள் இருந்தவரை அது புகையில் தெரிந்ததே இல்லை. மருமகள் அதைப் புத்தகம் என்கிறாள். எனக்கு வெற்றிலைப் பெட்டி மாதிரி தெரிகிறது. மகன் பார்க்கமாட்டேன் என்றுவிட்டான்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது மட்டாஞ்சேரிப் பக்கம் போனால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். சால்வை இடது தோளில் என்று எனக்கு ஞாபகம், வலது தோளாகவும் இருக்கலாம். கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். மூக்கு மதினி சொன்ன அளவுக்குப் பெரியதுதானா என்றும் பாருங்கள், அவர் எதையும் கூட்டித்தான் சொல்வார். நெற்றியில் அந்தச் சந்தன மேட்டை வழித்து எடுத்துவிட்டார்களா, இல்லை விட்டு வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். நான் அவரை நேராகப் பார்த்தவள் இல்லை. எழுதியதில் தப்பு இருந்தால் நீங்கள்தான் திருத்த வேண்டும்.